வண்டுக்குக் கட்டிய மணி

அவளுக்கு மணிக்காரி என்று பேர் வைத்தவர் பால்காரர். பேர் வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள அந்தச் சாலையில் ஆளில்லை. விடிந்ததும் இரண்டு பக்கமும் கேன் கட்டிய வண்டியில் வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். உள்ளே மாடு தலையை ஆட்டினால் ஒரு சத்தம், ஆடு துள்ளினால் இன்னொரு சத்தம். அது போதாதென்று இரண்டரை வயதுப் பையன் ஒருவன் முதுகில் மணியோடு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மணிக்காரம்மா, சீக்கிரம் பாலை எடுத்துட்டு வாங்க, எனக்கு நேரமாகுது" என்று குரல் கொடுத்தார். அன்றோடு அவளுடைய சொந்தப் பேரைக் கூப்பிடுவார் யாருமில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் நூல் மில்லில் வேலை பார்த்தாள். அங்கே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேச்சு. முதல் மாதம் முழுக்கக் காது அடைத்துப் போய், வீட்டுக்கு வந்தும் கத்திக் கத்திப் பேசித் திட்டு வாங்கினாள். அப்புறம் பழகிவிட்டது. பழகியதோடு நிற்காமல், அந்த இரைச்சலுக்குள் எந்த மெஷின் எப்படி ஓடுகிறது என்று பிரித்துக் கேட்கவும் வந்துவிட்டது. முதுகைத் திருப்பி நின்றுகொண்டே, "கோடியில இருக்கறது முனகுது, எண்ணெய் விடச் சொல்லுங்க" என்பாள். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அங்கே நாலைந்து வருஷம் நின்ற யாருக்கும் வரக்கூடியதுதான். இவள் என்னவோ கடவுள் தனக்கு மட்டும் காது வைத்துப் படைத்ததாக நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு, கல்யாணமாகி இந்த இடத்துக்கு வந்த பிறகும் போகவில்லை.

இந்த இடம் என்பது ஊரின் கடைசித் தெரு முடிந்து, தார் ரோடு மண் ரோடாக மாறுகிற இடத்தில் இருக்கும் ஒன்றரை ஏக்கர். நடுவில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் உள்ள வீடு. பின்னால் மாட்டுக்கொட்டகை, அதை ஒட்டி ஆட்டுப்பட்டி. இந்தப் பக்கம் தக்காளி, அவரை, கீரை. மோட்டார் போட்டால் தண்ணீர் வந்து நிறைகிற சிமெண்டுத் தொட்டி ஒன்று தரையோடு தரையாக இருந்தது. பெரியவர்களுக்கு நெஞ்சளவு ஆழம். சுற்றிச் சுவர் கிடையாது, மூடியும் கிடையாது.

மூடி இல்லாததற்குக் காரணம், வீட்டுக்காரர் வெல்டராக இருந்ததுதான். ஊரில் பாதி வீடுகளின் கேட்டும் ஜன்னல் கம்பியும் அவர் கைவேலை. சொந்த வீட்டுக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்க மட்டும் அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அது கயிற்றால் கட்டிக் கிடந்தது. தொட்டிக்கு மூடி எப்போது என்று கேட்டால், "நாளைக்கு" என்பார். கொட்டகைக்குப் பின்னால் பழைய இரும்பு டிரம் ஒன்று படுத்த வாக்கில் கிடந்தது. அதை வெட்டி மூடியாக்கப் போவதாகச் சொல்லித்தான் கொண்டுவந்து போட்டார். அதற்குள் கோழிகள் குடியேறி, முட்டையிட்டு, பேரன் பேத்தி எடுத்துவிட்டன. கெட்டவர் இல்லை, பாவம். காலையில் போய் விளக்கு வைக்கும் நேரத்தில் திரும்பி வரும் மனிதனுக்கு வீட்டிலும் அதே நெருப்பைப் பிடிக்க மனசு வராதுதான். ஆனாலும் தொட்டி தொட்டிதானே.

இதைச் சொல்லித்தான் அவருடைய அக்கா வரும்போதெல்லாம் ஒரு பாட்டம் ஆடிவிட்டுப் போவாள். ஊருக்குள் அவளுக்குச் சொந்த வீடு இருந்தது, மாடியில் இரண்டு அறை காலியாகக் கிடந்தது. "சின்னச் சின்னப் பிள்ளைகளை வெச்சுக்கிட்டு இந்தக் காட்டுல, இந்தத் தொட்டிக்குப் பக்கத்துல என்னடா குடித்தனம்? நீ பட்டறைக்குப் போயிடற. இவ வயல்ல குனிஞ்சா நிமிர மாட்டேங்கறா. பேசாம மாடிக்கு வந்துடுங்க. இவளும் பழையபடி மில்லுக்குப் போகட்டும். பிள்ளைங்களை நான் பார்த்துக்கறேன்."

அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் மணிக்காரிக்கு எரிச்சல். அவளுக்கு அந்த மாடி வேண்டாம். மில் அதைவிட வேண்டாம். ஷிப்டு முடிந்து வருகிறபோது பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும், பிள்ளைகள் விழிக்கிறபோது இவள் தூங்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்காரர் அக்கா பக்கம் சாய்ந்துகொண்டே வருவது தெரிந்ததும் ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, அக்காவின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, என் பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு எனக்கு எப்பவும் தெரியும். என் காதுக்குத் தப்பி ஒரு நிமிஷம் இருந்துட்டாங்கன்னா, அன்னிக்கே பெட்டியக் கட்டிக்கிட்டு உங்க மாடிக்கு வந்துடறேன். போதுமா?"

"இதுக்கு மேல நான் என்ன சொல்ல" என்று அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி சோற்றைப் பார்த்தார்.

காது என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. மாட்டுக்கும் ஆட்டுக்கும் வீட்டுக்காரர் வெட்டுக் குழாய்த் துண்டுகளில் மணி செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு நீளம், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். எந்த ஆடு வேலி ஓரம் போகிறது, எது கீரைப் பாத்திக்குள் வாயை வைக்கிறது என்று நிமிராமலே சொல்வாள். பையன் எழுந்து நடக்க ஆரம்பித்து நாலு பக்கமும் ஓடத் தொடங்கியதும், "இவனுக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று கேட்டாள். வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் இந்த வேலைக்கு மட்டும் நாளைக்கு என்று சொல்லவில்லை. சுண்டுவிரல் அளவு மெல்லிய குழாயில், உள்ளே ஒரு சின்ன நட்டைத் தொங்கவிட்டு, கூர்முனை இல்லாமல் தேய்த்து வழவழப்பாகச் செய்துகொண்டு வந்தார். பையன் போடுவது வார் வைத்த கால்சட்டை. முதுகில் இரண்டு வாரும் குறுக்கே சேருகிற இடத்தில், அவன் கைக்கு எட்டாதபடி, அதை ஊக்கு போட்டு மாட்டினாள்.

அவனை எல்லாரும் வண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்தே எதைச் செய்தாலும் மூக்கால் ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டுக்கொண்டே செய்வான். பால் குடித்தாலும் அதே ம்ம்ம், மண்ணைத் தின்றாலும் அதே ம்ம்ம். மணி வந்த பிறகு அந்த ரீங்காரத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

மணி ஒலித்தால் கவலையில்லை, அவள் வேலையைப் பார்ப்பாள். மணி நின்றால் கையிலிருக்கிற செடியைக் கட்டி முடிக்கிற வரைக்கும் பொறுப்பாள். அதற்குள் மறுபடி ஒலிக்கவில்லையென்றால், "வண்டூ" என்று ஒரு கத்தல். அதற்கும் ஒலிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவாள். ஓடிப் போனால் ஐயா மாட்டுத் தொட்டியில் தவிட்டை அப்பிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஆட்டுக்குட்டி மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார். தூக்கி ஒரு முத்தம், பின்பக்கம் ஒரு தட்டு. அப்புறம் கட்டிலில் போட்டுத் தூங்க வைப்பாள், அல்லது முகத்தைக் கழுவி விடுவாள். மறுபடியும் தக்காளிக்குப் போய்விடுவாள்.

இத்தனையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருந்தது.

மூத்தவள். ஆறு வயசு. அவள் பேர் மேனேஜர். அடுப்பில் எது கருகினாலும் முதலில் மூக்கு நீட்டுவது அவள்தான். அப்பா டிபன் பாக்ஸை மறந்துவிட்டுக் கேட்டைத் தாண்டினால், கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். எந்தக் கோழி எங்கே முட்டையிடுகிறது என்று அவளுக்குத்தான் தெரியும். தம்பி மூக்கைத் துடைப்பாள், பால்காரரிடம் "இன்னிக்கு ஏன் லேட்டு?" என்று விசாரிப்பாள். பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளி, "இவளைப் பத்திக் கவலையே இல்ல" என்பார்கள். அவள் அம்மாவும் வாய் நிறைய அதையேதான் சொல்வாள். குழந்தையின் காதுபடச் சொல்லக்கூடாத பேச்சு ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆனால் சொல்கிறவர்கள் ஏதோ மெடல் குத்துகிற நினைப்பில் சொல்கிறார்கள். கேட்கிற பிள்ளையும் அதைக் குத்திக்கொண்டு, விறைப்பாக நின்றுவிடுகிறது.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. பட்டறைக்கு லீவு கிடையாது. முந்தின வாரம் அடித்த காற்றில் தக்காளிச் செடிகள் எல்லாம் சாய்ந்து கிடந்தன. குச்சி நட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டவேண்டும். காயோடு கிடக்கிற செடி, விட்டால் மண்ணில் பட்டு அழுகிவிடும். மணிக்காரி இடுப்பில் சணல் கயிற்றுச் சுருணையைச் சொருகிக்கொண்டு வரிசையின் ஒரு கோடியில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து பின்னால் நின்றாள். கை மூடியிருந்தது.

"அம்மா, இங்க பாரேன்."

"என்ன மேனேஜர்?"

"திரும்பிப் பாரு, சொல்றேன்."

"கையெல்லாம் சேறுடி. அப்புறம் பார்க்கறேன். தம்பி எங்க?"

"அட்டைப்பெட்டியில உட்கார்ந்திருக்கான்."

மணிக்காரி காதைக் கொடுத்தாள். பட்டிப் பக்கமிருந்து கிண் என்று ஒரு சத்தம் வந்தது. "சரி, போய் அவன்கூட இரு. என் தங்கம்ல." திரும்பாமலே சொன்னாள்.

மேனேஜரின் கைக்குள் இருந்தது அவளுடைய முதல் பல். நாலு நாளாக ஆடிக்கொண்டிருந்து, அன்று காலை அவளே நாக்கால் தள்ளித் தள்ளி விழவைத்தது. ரத்தம்கூட அதிகம் இல்லை. அழவில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வந்தாள்.

பட்டிக்குப் போனாள். அட்டைப்பெட்டிக்குள் சாக்கு விரித்திருந்தது, அதில் வண்டு குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டிருந்தான். முதுகில் மணி மேலாகக் கிடந்தது. அவள் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தாள். மேனேஜர் யோசித்தால் கணக்காகத்தான் யோசிப்பாள். தூங்குகிறவனுக்கு மணி எதற்கு? அம்மா ஓடி வருவது மணி ஒலிக்கும்போது இல்லை, நிற்கும்போது. அப்படியென்றால் மணி முதலில் ஒலிக்க வேண்டும், அப்புறம் நிற்க வேண்டும்.

மெதுவாக ஊக்கைக் கழற்றினாள். தம்பி அசையவில்லை. தன் கவுனைக் கழற்றித் தரையில் விரித்து, முதுகுப் பக்கம் மணியை மாட்டி, மறுபடி போட்டுக்கொண்டாள். அம்மா அவனுக்கு எங்கே மாட்டுவாளோ சரியாக அங்கேயே இருக்கவேண்டும் என்று பார்த்து மாட்டியிருந்தாள். பிறகு பல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, வீட்டைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

தக்காளி வரிசையில் மணிக்காரிக்கு மணி நன்றாகக் கேட்டது. கொட்டகைக்குப் பின்னால் போகிறது, வீட்டுச் சுவரோரம் வருகிறது, அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கிறது, மறுபடி போகிறது. ஒரு வித்தியாசம் இருந்தது. அதையும் அவள் கவனிக்காமல் விடவில்லை. வண்டு ஓடினால் மணி உருண்டு புரண்டு தாறுமாறாக ஒலிக்கும். இன்றைக்கு ஒரே சீராக, நிதானமாக ஒலித்தது. பையனுக்குக் காலில் பலம் வந்துவிட்டது, இனிமேல் விழுந்து எழுந்திருக்க மாட்டான் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும் என்றும் நினைத்தாள். காது அத்தனையும் சரியாகத்தான் கேட்டது. அவள்தான் தப்பாகப் புரிந்துகொண்டாள்.

மணி நின்றது. கையிலிருந்த செடியைக் கட்டினாள். ஒலிக்கவில்லை.

"வண்டூ!"

பதில் இல்லை. சுருணையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். சத்தம் கடைசியாக வந்தது வீட்டின் பின்சுவர்ப் பக்கம். திரும்பியதும் அங்கே மேனேஜர் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டியாம்மா! இங்க பாரு..."

"அவன் எங்கடி?"

"நான்தாம்மா மணி. என்கிட்டதான் இருக்கு. நிறுத்தினா நீ வருவேன்னு..."

"தம்பி எங்க?"

மூடிய கையை நீட்டிக்கொண்டிருந்தவள் அதை மெல்ல இறக்கினாள். "பெட்டியில. தூங்கறான். தூங்கும்போது மணி வேணாம்னுதான்..."

பெட்டி காலியாக இருந்தது. சாக்கில் ஒரு ஆட்டுக்குட்டி படுத்திருந்தது.

எத்தனை நேரமாக அந்தச் சத்தத்தை நம்பி உட்கார்ந்திருந்தோம் என்று நினைக்கும்போதே மணிக்காரியின் கால் தொட்டிப் பக்கம் ஓடியது. தொட்டி விளிம்பில் நின்று பார்த்தாள். நேற்றுப் போட்ட தண்ணீர், பாசி கலங்கி, அடி தெரியவில்லை. அப்படியே இறங்கினாள். நெஞ்சுவரை தண்ணீர். காலால் துழாவினாள், மூச்சைப் பிடித்து உள்ளே முங்கிக் கையால் துழாவினாள். கையில் பட்டதெல்லாம் சகதி. ஒரு மூலையில் துணி மாதிரி எதுவோ சிக்கியது. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு இருந்த உயிர் போய்விட்டது. இழுத்துப் பார்த்தால் பழைய சாக்கு. மறுபடி முங்கினாள்.

மேலே விளிம்பில் மேனேஜர் நின்று தேம்பிக்கொண்டிருந்தாள். அவள் தேம்பத் தேம்ப முதுகில் மணி கிண் கிண் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அதை நிறுத்துடி! எனக்கு ஒண்ணும் கேட்கல!"

மேனேஜர் பதறி, கவுனின் கழுத்தைப் பிடித்து முன்பக்கம் இழுத்து, மணி கைக்கு வந்ததும் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நின்றது.

மணிக்காரி தண்ணீருக்குள் அசையாமல் நின்றாள். மாடு அசை போட்டது. எங்கோ ரோட்டில் ஒரு லாரி போனது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், எங்கேயோ, ரொம்ப மெல்லியதாக ம்ம்ம் என்று கேட்டது. இரும்புக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனத்துப் போயிருந்தது. ஆனால் அதே மூக்கு. மணி கட்டின நாளிலிருந்து அவள் கேட்காமல் விட்ட சத்தம்.

வண்டு டிரம்முக்குள் இருந்தான். அடைகாத்த கோழியை நகர்த்திவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தான். இரண்டு முட்டை உடைந்து மடியிலும், ஒன்று முழுசாகக் கையிலும். கோழி ஒரு ஓரமாக நின்று, இந்த அநியாயத்தை யாரிடம் சொல்வது என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவைக் கண்டதும், "முட்ட" என்று கையிலிருந்ததை நீட்டினான்.

அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஈரத்தோடு மண்ணில் உட்கார்ந்து மணிக்காரி ஓவென்று அழுதாள். அழுது முடிகிற வரைக்கும் மேனேஜர் கொஞ்சம் தள்ளியே நின்றாள். கிட்ட வரவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை.

அன்று மேனேஜருக்கு அடி விழவில்லை, திட்டு விழவில்லை. மணியைக் கழற்றி அடுப்படி அலமாரியில் வைத்ததோடு சரி. அவளும் மத்தியானம் தட்டுக் கழுவி வைத்தாள், தம்பியைத் தூங்க வைத்தாள், கேட்காமலே கோழிக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்றைக்கு அவளைப் பார்த்திருந்தால் கவலையே இல்லை என்று யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

பொழுது சாயும்போது மணிக்காரி பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மேனேஜர் ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சாப்பிடற? வாயைத் திற."

திறந்தாள். கீழ்வரிசையில் முன்னால் ஒரு ஓட்டை.

"பல் எப்பம்மா விழுந்துச்சு?"

"காலையில."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

மேனேஜர் சோற்றைப் பிசைந்தாள். "காட்டத்தான் வந்தேன். ரெண்டு தடவை."

மணிக்காரிக்கு அந்த மூடிய கை ஞாபகத்துக்கு வந்தது. தக்காளி வரிசையில் ஒரு தடவை, பின்சுவரில் ஒரு தடவை. "எங்க வெச்சிருக்க? இப்ப காட்டு."

"இல்ல. மணியை நிறுத்துன்னு சொன்னேல்ல, அப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சேனா, விழுந்துடுச்சு."

வீட்டுக்காரர் கேட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் மனைவி தொட்டி ஓரம் மண்டியிட்டு, மண்ணை விரலால் சலித்துக்கொண்டிருந்தாள். இருட்ட இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"என்ன தேடற?"

"பல்லு."

"யாரு பல்லு?"

அவள் எழுந்திருக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "பெட்டியக் கட்டணும்ங்க. அண்ணிகிட்டச் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு. பிள்ளை என் காதுக்குத் தப்பிடுச்சு."

அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். தொட்டியைப் பார்த்தார். "வண்டுவா? எங்க அவன்? என்ன ஆச்சு?"

"அவன் உள்ளதான் இருக்கான், ஒண்ணும் ஆகல. அவன் இல்ல. பெரியவ."

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். மூடி மறைக்க வேண்டும் என்றால் மறைத்திருக்கலாம். பார்த்தவர் யாரும் இல்லை. அவர் பாதியிலேயே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அக்கா சொன்னது சரிதான் என்று அவர் வாயில் வரும் என்று எதிர்பார்த்தாள். அது வரவில்லை. "மூடி போடாதது நான்தானே" என்றார்.

சாப்பிட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "மேனேஜர், நீயே சொல்லு. அத்தை வீட்டு மாடிக்குப் போயிடலாமா?"

இந்த மாதிரிக் கேள்விக்கு அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். "அங்க தக்காளி இருக்குமா?"

"இருக்காது."

"அப்ப அம்மா எங்க இருப்பாங்க?"

"மில்லுல வேலைக்குப் போவாங்க."

"மில்லு மாடியிலேர்ந்து கூப்பிட்டா கேட்கற தூரமா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மணிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கேட்காது" என்றார் அப்பா.

"அப்ப வேணாம். இங்க கேட்கும்ல?" என்று மேனேஜர் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். வீம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"கேட்கும்" என்றாள் மணிக்காரி.

அவர்கள் மாடிக்குப் போகவில்லை. அக்காவுக்கு விஷயம் தெரிந்து, வந்து ஒரு நாள் முழுக்கப் பேசிவிட்டுப் போனாள். அந்த மாடிக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். நடந்ததைக் கேட்ட மறுநாளே வீட்டுக்காரர் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, இரண்டு ஆள் சேர்ந்தால்தான் தூக்க முடியும் என்கிற கனத்தில் தொட்டிக்கு இரும்புச் சட்டத்தில் மூடி அடித்தார். கேட்டுக்குத் தாழ்ப்பாள் வந்தது. டிரம்மை வெட்டவில்லை, மிச்சமிருந்த முட்டையில் கோழி மறுபடி அடை கிடந்தது.

மணியை வண்டுவின் முதுகில் மறுபடி மாட்டவில்லை. பின்வாசல் நிலையில், ஆறு வயசுக் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். இனிமேல் அம்மா வேண்டும் என்றால் இதை அடிக்கலாம், அடித்தால் அம்மா வருவாள். எதற்கு என்று கேட்கமாட்டாள்.

முதல் வாரம் அந்த மணி அடித்த அடியில் மாடே மிரண்டது. கட்டிக்கொண்டிருந்த செடியைப் பாதியில் விட்டுவிட்டு, சேற்றுக் கையை முந்தியில் துடைத்துக்கொண்டு வருவாள். "என்ன மேனேஜர்?" "ஒண்ணுமில்ல." திரும்பிப் போவாள். வரிசையைத் தொடுவதற்குள் மறுபடி அடிக்கும். மறுபடி வருவாள். சிலசமயம் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். முகத்தை வாசலுக்கு வெளியிலேயே சரிசெய்துகொண்டு உள்ளே வருவாள். அந்தப் பருவம் தக்காளி பாதி மண்ணோடு மண்ணாகப் போயிற்று. பால்காரர் கேட்டில் நின்றுகொண்டு, "என்ன மணிக்காரம்மா, இப்ப உங்களுக்கே மணி கட்டிட்டாங்களா?" என்று சிரித்தார். அவள் மறுக்கவில்லை.

போகப் போக மணி குறைந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள், விளையாட்டு கூடியிருந்தது. ஒரு லீவு நாளில், விடிந்ததிலிருந்து மணி ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. அவரைப் பந்தலுக்குக் கீழே காய் பறித்துக்கொண்டிருந்த மணிக்காரி ஒரு முறை நிமிர்ந்தாள், இரண்டு முறை நிமிர்ந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மாடு, ஆடு, வண்டுவின் ம்ம்ம், அவனுக்கு மேனேஜர் ஏதோ சட்டம் சொல்லிக்கொண்டிருக்கும் குரல். கூடையை அப்படியே வைத்துவிட்டு, மோட்டார்க் குழாயில் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மணியைப் பார்த்தாள்.

"நான் அடிக்கவே இல்லையேம்மா."

"தெரியும். பக்கத்துப் பல்லு ஆடுதுன்னு சொன்னியே, எப்படி இருக்கு? காட்டு."

மேனேஜர் தம்பியைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பி, வாயை நன்றாகத் திறந்தாள்.